சோப்பக்காவின் கைராசி

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் அவளைச் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். சோப்புப் போட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனால் லேசில் திரும்ப மாட்டாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். நோயாளிகளின் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு.

அவள் தம்பிக்குச் சர்க்கரை. பாதத்தில் புண். ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரையும் நம்பாமல், வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்கு ஓடி, இவளே கட்டுப் போடுவாள்.

"எங்கக்கா கைராசிக்காரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் பீற்றிக்கொள்வான். புண்ணோ ஆறுவேனா என்றது.

கடைசியில் சீழை எடுத்து வந்து என்னிடம் தந்தாள். தட்டில் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். இந்தத் தட்டில் ஒரு வில்லைக்குத்தான் வட்டம். மற்றவற்றை ஒட்டியே பொன்னிற ஸ்டேஃப் கிருமி முளைத்திருந்தது.

"என் மூக்குலயும் எடுத்துப் பாரேன்" என்றாள்.

ஸ்டேஃப் நல்ல ஆள் மூக்கிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஊரார் மூக்கையெல்லாம் சோதிக்கிற நாங்கள் எங்கள் மூக்கை மட்டும் சோதிப்பதில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் யார் நிம்மதியாகச் சாப்பிடுவது? சரி என்று எடுத்தேன். வந்தது வெள்ளை ஸ்டேஃப். தோலில் சும்மா கிடக்கிற சாது. ஆனால் எந்தெந்த மருந்துக்கு அது மசியாதோ, புண்ணில் இருந்ததும் அதே மருந்துகளுக்குத்தான் மசியவில்லை.

"இது வேற வகைதானக்கா, விடுங்க."

"வகை வேற. பிளாஸ்மிட் ஒண்ணா இருந்தா?"

பாழாய்ப்போன சங்கதி இருவருக்கும் தெரியும். மருந்தை முறியடிக்கும் மரபணுவைச் சுமக்கிற சின்ன வளையம் அது. வீட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுப்பதுபோல், ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதன் நகலைக் கொடுத்துவிடும். மூக்கிலிருந்து கட்டுப் போடுகிற கை வழியாகப் புண்ணுக்குப் போய், சாது ரவுடிக்குக் கொடுத்தால் போதும். இங்கே அதுதான் நடந்தது என்று நிரூபிக்க எங்கள் லேபில் வசதி இல்லை. நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் இல்லை.

தம்பியை வார்டில் சேர்த்தார்கள். மிஞ்சிய அந்த ஒரு மருந்து நரம்பில் ஏறியது. கட்டுப் போட்டது நர்ஸ். சோப்பக்கா மாஸ்க்கால் மூக்கை மூடிக்கொண்டு கதவோரம் நிற்பாள்.

"என்னக்கா, உனக்கும் என்மேல சலிச்சுப்போச்சா?"

"அலுப்பா இருக்குடா" என்றாள். அதில் பொய் இல்லை. பார்க்கிற எனக்கே அலுப்பாக இருந்தது.

புண் மெல்ல மூடியது. பாதம் தப்பியது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மருந்துதானக்கா ஆத்துச்சு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவள் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவன் கட்டிலில் உட்கார்ந்து செருப்பை மாட்டினான்.

"தப்பா நினைச்சுக்காதக்கா. நர்ஸம்மாவுக்குத்தான் கைராசி."

"ஆமாண்டா."

எழுந்திருக்க அவளிடம் கை நீட்டினான். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ புடி அவனை."