வாங்கில் ஏறி நின்ற எங்கள் அக்கா

அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, எங்கள் அக்கா காலமாகி இன்று முப்பத்தோராம் நாள். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. அந்த வியாழக்கிழமை காலை வெள்ளவத்தை வீட்டிலிருந்து பாடசாலைக்குப் புறப்பட்டபோது, "மீன்காரன் வந்தால் பாரை வேண்டி வை பிள்ளை" என்றுதான் சொன்னார். நான் மீனை வெட்டிக்கொண்டிருக்கையில் பாடசாலைப் பியோன் வாசலில் வந்து நின்றான். கரும்பலகைக்கு முன்னால் விழுந்தவர் எழும்பவேயில்லையாம். கைகூடக் கழுவாமல் ஓடினேன்.

அக்கா பிறந்தது வடமராட்சியில். ஐயாவுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை கிடைத்ததால் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தார். ஐயா இறந்தபோது அக்காவுக்கு வயது பதினெட்டு, எனக்கு ஆறு. தாம் படித்த ஆங்கிலப் பெண்கள் பாடசாலையிலேயே ஆசிரியையாகச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் தாங்கினார். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "முதல்ல இவள் படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டார். பிறகு பேச்சே வரவில்லை.

அந்தப் பாடசாலையின் கண்டிப்பு ஊரறிந்தது. வெளிவாசல் படலைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வாயில் வந்தாலும் இடைவேளை முழுவதும் மண்டபத்து வாங்கில், நாலுபேர் இருக்கும் நீட்டுப் பலகையில், ஏறி நிற்க வேண்டும். அங்கேயே நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, அக்காவின் கீழ்வகுப்பில் திரேசா என்றொரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். இடாப்பில் பெயர் கூப்பிட்டபோது "யெஸ் மிஸ்" என்பதற்குப் பதிலாக, பயத்தில் "ஓம் அம்மா" என்றுவிட்டாள். வாசலில் நின்ற வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியைக்கு அது கேட்டுவிட்டது. பிள்ளையை வாங்கில் ஏற்றச் சொன்னார்.

"நீ இரு ராசாத்தி" என்றார் அக்கா, தமிழில். பிறகு தலைமை ஆசிரியையிடம், தாமும் தமிழ் பேசிவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். மணி அடித்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமே வாங்கில் ஏறி நின்றார். முழுப் பாடசாலையும் பார்த்தது. அவருடைய தங்கை மட்டும் கழிப்பறைக்குள் ஒளித்திருந்தாள். எனக்கு அவ்வளவு வெட்கம், அவ்வளவு கோபம்.

வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். "உங்களை வேலையால கலைச்சுப்போட்டால் நாங்கள் எங்க போறது?"

"கலைச்சால் பார்ப்பம். நீ சோத்தைத் தின்."

கலைக்கவில்லை. ஆனால் கடைசிவரை கீழ்வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். மற்ற வகுப்புகளில் தமிழ் பேசியவளைக் காட்டிக்கொடுத்து நல்ல பெயர் எடுப்பது வழக்கம். அக்காவின் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுத்ததே இல்லை. ஆங்கிலத்தில் முதற்பரிசு எடுத்தவர்களும் அவர்கள்தான். அன்று ஒளித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

செய்தி கேட்ட கணத்திலிருந்து உதவிய அயலவர்களுக்கும், உடன் ஆசிரியைகளுக்கும், ஊரிலிருந்து இரவு ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஒருவருக்கு மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும்.

கொள்ளி வைக்க, பெறாமகன் முறையில் என் மகன் இருந்தான். ஆனால் கிரியை நடக்கையில் குருக்கள் நிமிர்ந்து, "பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளையள் ஆர்?" என்று கேட்டார். பந்தம் ஏந்திப் பாடையைச் சுற்றுவது பேரப்பிள்ளைகள்; அக்காவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. எனக்காகவே தனித்துப்போனவரை வெறுமையாக அனுப்பப் போகிறேனே என்று நினைத்தேன்.

கூட்டத்திலிருந்து இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். கழுத்தில் சிலுவை. திரேசா என்று எனக்கு உடனே தெரியவில்லை.

"நாங்கள் வேதக்காரர் ஐயா. என்ர பிள்ளையள் பிடிக்கலாமோ?"

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பந்தத்தில் நெய் ஊற்றினார். பிள்ளைகள் ஏந்திக்கொண்டு பாடையைச் சுற்றத் தொடங்க, பின்னாலிருந்து அக்காவிடம் படித்த இன்னொருத்தி தன் மகளைக் கொண்டுவந்தாள், பிறகு வேறொருத்தி. குருக்களிடம் இருந்த பந்தம் போதவில்லை.