லெப்ரிகான் வராத காலை

இந்த நாட்டில் மார்ச் மாதம் வந்தால், பனி முழுதாகக் கரையுமுன்னரே சின்னப் பிள்ளைகள் ஒரு குள்ளனைப் பிடிக்கப் பொறி வைப்பார்கள். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை, மேலே பச்சைத் தாள், உள்ளே மினுங்குகிற பொய்க்காசு. அந்தக் குள்ளனுக்குப் பெயர் லெப்ரிகான். அயர்லாந்துக்காரரின் கதைகளில் வருகிற, முழங்கால் உயரமும் செந்தாடியும் உள்ள குறும்புக் கிழவன். உடுப்புத் தொப்பி எல்லாம் பச்சை. ஒருவரும் பார்க்காத நேரம் வகுப்புக்குள் புகுந்து கதிரைகளைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவானாம். பிடித்தால் தங்கம் தருவானாம். கன்னமெல்லாம் பசை அப்பிக்கொண்டு பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்கவேண்டும்! எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் இவன் அறிமுகமானான்.

ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் உள்ள ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் நான் உதவியாளர். பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன ஒருத்தியின் இடத்துக்கு எடுத்தார்கள். அந்த மாதக் கடைசியோடு வேலை முடிவதாக இருந்தது. அதன்பிறகும் என்னை வைத்திருப்பார்களா என்பது வகுப்புக்குப் பொறுப்பான ஷெல்லியின் கையில் இருந்தது. சம்பளம் ஒருபுறம் கிடக்கட்டும். கணவர் கண்மூடி நாலு வருடம். மகன் பிக்கரிங்கில். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து "அம்மா, சாப்பிட்டியளோ?" என்பான். "ஓம்" என்பேன். அதோடு கதை முடிந்துவிடும். நான் வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்ட் அறையில் பிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். "மிஸ், மிஸ்" என்று என்னைக் கூப்பிடுகிற பதினாறு வாய்கள் இந்த வகுப்பில் மட்டும்தான் இருக்கின்றன. அதுவும் போனால், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை நான் படுகிற தனிமை கிழமை முழுக்க வந்துவிடும்.

ஊரில் பாலர் வகுப்புக்குச் சித்திரம் படிப்பித்தவள் என்று வாயை விட்டிருந்தேன். ஆகவே லெப்ரிகான் கீறக் காட்டுவது என் தலையில் விழுந்தது. முதலில் தொப்பி. ஒரு பெட்டி கீறி, அடியில் நீளக் கோடு. கோட்டின் கீழ் அரை வட்டமாக முகம், அதைச் சுற்றி நெளிநெளியாகத் தாடி. பிறகு சட்டை, கடைசியில் வளையம் வைத்த சப்பாத்து. பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னோடு கூடவே கீறினார்கள். நிறம் தீட்டும்போது என் கை தானாக நீலக் கிரேயோனை எடுத்தது. பச்சை கட்டையாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எங்கள் வகுப்பின் ஒரேயொரு தமிழ்ப்பிள்ளை, ஐந்து வயது நிலா, ஓரக்கண்ணால் பார்த்தாள். "அன்ரி, ஹீ இஸ் கிரீன்." "இவர் குளிருக்கு நீலம் போட்டிருக்கிறார்" என்று சமாளித்தேன். ரீச்சர் சொன்னால் வேதவாக்கு அல்லவா? பதினாறு பேரும் நீலம் தீட்டினார்கள். லெப்ரிகானை வரவேற்க எல்லாப் படங்களையும் ஜன்னலில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வகுப்பைத் திறந்தவள் நான். கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. புத்தகங்கள் கொட்டிக் கிடந்தன. ஜன்னலடியிலிருந்து வகுப்பு நடுவரை பச்சை நிறச் சப்பாத்து அடிகள். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: பிள்ளைகள் வரப்போகிறார்கள், அவர்கள் இதைப் பார்க்கக் கூடாது. கதிரைகளை நிமிர்த்தினேன். முழங்காலில் நின்று ஒவ்வோர் அடியையும் தேய்த்துத் துடைத்தேன். கையில் துணி இருந்தது, மண்டையில் லெப்ரிகான் உட்பட ஒன்றும் இருக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு விடியப்புறம் எங்கள் ஊர் ஒழுங்கைக்குள் இராணுவம் வந்து வீடு வீடாகச் சுற்றிவளைத்தது. பச்சை உடுப்போடும் சப்பாத்துக் காலோடும் வீட்டுக்குள் ஏறியவர்கள் கதிரைகளைக் கவிழ்த்தார்கள், அலுமாரியைக் கொட்டினார்கள், பத்தொன்பது வயது அண்ணையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செருப்புப் போடக்கூட விடவில்லை. முதல்நாள் மழை பெய்த மண்ணில், சப்பாத்து அடிகளுக்கு நடுவே அவனுடைய வெறுங்காலடி வாசல் படலை வரை போயிருந்தது. அம்மா குழறி அழுதுகொண்டு அவர்களின் பின்னால் ஓடினார். நான் தனியே நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. எழும்பினால் என் முதல் வேலை முற்றம் கூட்டுவது. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினேன். அம்மா திரும்பி வந்தபோது முற்றம் துப்புரவாக இருந்தது. அவர் என்னை ஏசவில்லை. படலையடியில் குந்தியிருந்து நிலத்தைத் தடவினார். "அவன்ர காலடியையாவது விட்டிருக்கலாமே, பிள்ளை" என்றார். அண்ணை வரவேயில்லை. அம்மாவும் போய்விட்டார். நான் இன்னும் அந்த முற்றத்தில்தான் விளக்குமாற்றோடு நிற்கிறேன்.

எட்டு மணிக்கு ஷெல்லி வந்து வாயைப் பிளந்தாள். "வேர் இஸ் எவ்ரிதிங்?" "ஐ கிளீன். வெரி டேர்ட்டி" என்றேன். முதல்நாள் வேலை முடிந்தபின் தனியே நின்று அவள் செய்த அலங்காரமாம் அது! குரலைத் தாழ்த்தி, "இது உங்கள் சமயத்துக்கு ஆகாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நோ, நோ" என்றேன். அதற்குமேல் சொல்ல என் ஆங்கிலம் காணாது. தமிழ் மட்டும் காணுமா என்ன? அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து பொறிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. நிலா என் முன்னால் வந்து நின்றாள். கையில் வெறும் பெட்டி. "நீங்கள் புளூவில கீறினதாலதான் அவர் வரேல்ல. ஹீ தோட் இட்ஸ் நொட் ஹிம்."

ஐயோ, பிள்ளை! "அவற்ற பஸ் பிந்தியிருக்கும். நாளைக்கு வருவார். வா, திரும்பக் கீறுவம்" என்றேன். அவளே பச்சைக் கிரேயோனைத் தேடியெடுத்து என் கையில் வைத்தாள். தொப்பிக்குப் பச்சை, சட்டைக்குப் பச்சை. நெளிந்த கோட்டைத் தாடியாக்கிச் சமாளித்தேன். வாயை மேலே வளைத்துச் சிரிக்கவைத்தேன். பச்சை உடுப்புக்காரன் ஒருவன் சிரிப்பது போல் நான் கீறியது அதுதான் முதல் தடவை. பின்னேரம் ஷெல்லியிடம், "டுமாரோ, ஐ டூ" என்றேன். அவள் பச்சை மைப் போத்தலையும் ஒரு பொம்மைச் சப்பாத்தையும் தந்தாள்.

அடுத்த நாள் வெள்ளனவே போய்க் கதிரைகளை நானே கவிழ்த்தேன். சப்பாத்தை மையில் தோய்த்து அடியடியாக ஒற்றினேன். ஜன்னலிலிருந்து உள்ளே வருகிற அடிகள். பிறகு திரும்பிப் போகிற அடிகள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை கேட்கவில்லை. விரல்களை மடக்கிக் கையைப் பொத்தி மையில் தோய்த்து, ஜன்னலடியில் பக்கவாட்டாக ஒற்றினேன். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. பாலர் வகுப்பில் எத்தனையோ தரம் காட்டிக்கொடுத்த வித்தை. ஒரு வெறுங்கால். குதிகால் வெளியே பனியைப் பார்க்க, விரல்கள் உள்ளே பார்க்க.

பிள்ளைகளின் கத்தல் பக்கத்து மார்க்கம் நகர் வரை கேட்டிருக்கும். நிலா ஒவ்வோர் அடியாகப் பின்தொடர்ந்துபோய் ஜன்னலடியில் குந்தினாள். "அன்ரி, லுக்! சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்திருக்கிறார். ஹீ இஸ் ஹோம்!"

மூக்குத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னேரம் வாளியும் துணியும் எடுத்துச் சப்பாத்து அடிகள் எல்லாவற்றையும் துடைத்தேன். ஷெல்லி ஏப்ரல் மாத வேலை அட்டவணையை நீட்டினாள். அதில் என் பெயர் இருந்தது. ஜன்னலடியைக் காட்டி, "அந்த ஒன்று?" என்று கேட்டாள். திங்கட்கிழமை துடைக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்துவிட்டன. இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.