தறிக்குடோன் பக்கத்துக் கொயர்

எங்கள் சர்ச் சோமனூர்ப் பக்கம். ஆராதனையில் பாடும் கொயரில் முக்கால்வாசிப் பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிச்சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டைகள். பாடுவது என்றால் பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும் அவர்களுக்கு. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டில் மேல் ஸ்தாயி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் தொண்டை கிழிந்து, சபையே குனிந்து சிரித்தது. போதகருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஈஸ்டருக்கும் இப்படியே கத்துனீங்கன்னா கொயரே வேண்டாமுங்க. டேப்ரிக்கார்டர்ல கேசட் போட்டுக்கலாம்" என்றார்.

கொயரைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கோயம்புத்தூரில் படித்தபோது கல்லூரிக் கொயரில் கொஞ்ச நாள் பாடியவள் என்பதுதான் என் தகுதி. பாட்டுக்கு முன் தொண்டையைப் பதப்படுத்தும் வார்ம்-அப் பயிற்சியை இனி நான் நடத்த வேண்டும். அந்தப் பாடு நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" சொல்லுங்கள் என்றால் ஒருவர் சிரிப்பார், அவரைப் பார்த்து வரிசையே சிரிக்கும். உதட்டைப் படபடவென்று அடிக்கச் சொன்னால், "ஏனுங்க, பாட்டுப் பாடறதுக்கு மோட்டார் ஓட்டோணுமுங்களா?" என்பார்கள். கொயரிலேயே மூத்தவர் ஒரு பெரியவர், தறி ஓட்டியே காது மந்தமானவர். பாட்டென்றால் அவருக்கு உயிர். அவர் "ஆ" என்றால் ஜன்னல் கண்ணாடி அதிரும். "மெதுவாங்க, மெதுவா" என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டிக்கொண்டது.

போகப் போகக் கத்தல் மெதுவானது. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பயிற்சி செய்யும் அறையை ஒட்டினாற்போல ஒரு தறிக்குடோன், சடக்கு சடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலிலும் எல்லோரும் ஒழுங்காகப் பாடுவது எனக்குத் தெரிந்தது. பெரியவர்கூட "ஆ, ஈ, ஊ" என்று அழகாக வாயைத் திறந்து மூடினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பயிற்சியின் நடுவில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அறையில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. எதிரே வரிசையாக வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் சத்தம் இல்லை.

தறி ஓடும்போது எங்கள் ஊரில் பேசுவது அப்படித்தான். குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் பார்த்தே புரிந்துகொள்வார். நானும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்தானே. இத்தனை வாரமும் காதால் கேட்காமல் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

"நீங்கதானுங்க மெதுவான்னீங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஒன்றும் நடக்காத மாதிரி.

"மெதுவான்னா ஊமையாவா? ஊட்டுல கொழந்தையத் தூங்க வெக்கறப்ப எப்படிப் பாடுவீங்க? அப்படிப் பாடுங்க!" என்று எரிந்து விழுந்தேன். அவர்களைப் பார்த்தால்தானே ஏமாறுகிறேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒரு "ம்ம்ம்" எழுந்தது. கரண்ட் வரும்வரை நான் அவர்களை விடவில்லை.

மறுநாள் காலை மேல் ஸ்தாயி வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு தொண்டையும் கிழியவில்லை. போதகர் தயாராகக் கொண்டுவந்திருந்த கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொயர் தப்பிச்சுருச்சா, கண்ணு?"

"தப்பிச்சுருச்சுங்க! நீங்களும் நல்லாப் பாடுனீங்க" என்றேன் அவர் காதருகே.

"நா எங்க பாடுனேன்? எனக்கு மெதுவா வராதே. என்னால கொயர் போயிரக் கூடாதுன்னு வாய மட்டும் அசச்சேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் பாடுவதற்காக இத்தனை கூத்தும் அடித்தேன்? அடுத்த வாரம் நீங்கள் பாடியே ஆக வேண்டும் என்று அவரைத் திட்டப் போனேன். தொண்டை அடைத்துக் குரல் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அதைப் பார்த்தே அவர் பதில் சொன்னார். "வேண்டாங் கண்ணு. கேசட் போட்டுருவாங்க."