பதினான்காம் சதுரம்

பள்ளத்துச் சுவரிலிருந்து ஆணி வந்தது. கூடவே நகத்தளவு களிமண் செதில் ஒன்றும் உரிந்து வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

அவள் அடுத்த ஆணிக்குப் போகவில்லை. பிடுங்கியதை உதட்டில் கவ்வியபடி, செதில் விழுந்த இடத்தில் மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்தாள். மேலே யாரோ நடந்ததில் இரண்டு மண் உருண்டைகள் உருண்டு வந்து காலடியில் விழுந்தன.

"அக்கா, இங்க நிக்கறேன் பாரு. இதுதான் சமையலறை."

தம்பியின் குரல். பள்ளத்தின் அடியிலிருந்து பார்த்தால் அவனுடைய செருப்பும், கையிலிருந்து தொங்கும் அளவு நாடாவின் நுனியும் மட்டும்தான் தெரிந்தன.

"ஓரத்துல நிக்காதடா. மண் சரியும்."

"வீட்டுக்கு வந்தவளை சமையலறைல நின்னு கூப்பிடறேன், நிமிர்ந்து பாக்க மாட்டேங்கற."

"தள்ளி நில்லுன்னேன்."

"செத்த பிளவுதானே? உங்க மேடமே எழுதிக் குடுத்துட்டாங்க. செத்தது கடிக்குமா?"

அவள் இடுப்புத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, நகத்தின் ஓரத்தால் அந்த இடத்தை லேசாகத் தொட்டாள். இன்னொரு செதில் வந்தது. அதன் அடியில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு மேல்நோக்கிப் போனது.

பள்ளம் இருபத்திரண்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் ஆழம். உள்ளே நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். சுவர்கள் சரியாமலிருக்க அங்கங்கே பலகை வைத்து, குறுக்கே இரும்பு ஜாக்கிகளால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். புதிய குடியிருப்பில் தெருவுக்கென்று விட்ட இடம் அது. ஒரு பக்கம் ஏழாம் மனை, மறுபக்கம் எட்டாம் மனை. ஏழாம் மனை தம்பியுடையது. குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு டயர் கடைக்கு மேலே ஒன்றரை அறையில் இருக்கிறான். மனை கேட்டு எழுதிக் கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மனைக்கடியில் ஓடும் நிலப்பிளவு செத்தது, வீடு கட்டலாம் என்ற கடிதம் முந்தைய நாள்தான் வந்தது. இன்று காலை ஆறு மணிக்கே வந்து, நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டிவிட்டான்.

இந்த ஊரில் வருடத்துக்கு நாலைந்து தடவை தரை ஆடும். பெரும்பாலும் டம்ளர் தண்ணீர் நடுங்குவதோடு சரி. மூன்று தலைமுறைக்கு ஒருமுறை வேறு மாதிரி ஆடும். அதனால் வீடு கட்டுமுன் மண்ணை வெட்டிப் பார்க்கவேண்டும் என்று சட்டம். ஆறு வண்டலை அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. நிலம் ஆடும்போது பிளவின் ஒரு பக்கம் இறங்கி, அடுக்குகள் படிக்கட்டு மாதிரி முறிகின்றன. முறிந்ததன் மேல் ஆறு மறுபடி புது வண்டலைக் கொண்டுவந்து போடுகிறது. எது முறிந்திருக்கிறது, எது முறியாமல் மேலே கிடக்கிறது என்று பார்த்தால் கடைசியாக எப்போது ஆடியது என்று சொல்லிவிடலாம். இங்கே அடியிலிருந்த கூழாங்கல் அடுக்கு முறிந்து ஒரு முழம் இறங்கியிருந்தது. அதற்கு மேலே சாண் தடிமனில் சாம்பல் நிறக் களி. அது முறியாமல் ஒரே பட்டையாக ஓடியது. களிக்குள் கிடைத்த கரித்துண்டுக்கு வயது பன்னிரண்டாயிரம் வருடம். பத்தாயிரம் வருடம் அசையாதிருந்தால் பிளவு செத்துவிட்டது என்று கணக்கு.

களி ஒரே பட்டையாக ஓடுகிறது என்று காட்டியது அவளுடைய கரணை.

ஊரில் அவளைக் கரணையக்கா என்றால்தான் தெரியும். இருபத்து மூன்று வயதில் முதல் பள்ளத்துக்கு வந்தபோது மண் சுமக்கும் சித்தாள். ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு, பொழுது போகாமல், டிபன் டப்பா ஸ்பூனால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்று விரல் அகலத்துக்குச் சுரண்டியதில் நூல் மாதிரி ஒரு கரிக்கோடு தெரிந்தது. ஆய்வுக்கு வந்திருந்த பெரியவர் ஓடிவந்து திட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவரும் அவருடைய ஆட்களும் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கோடு அது. "அதே ஸ்பூன்லயே இன்னும் கொஞ்சம்" என்றார். மறுநாள் மண் சுமக்க வேறு ஆள் வந்தது.

அந்த வாரமே அவள் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக், ஒரு கொத்தனார் கரணையை டிப்போ சாணையில் பிடித்து மூன்று பக்கமும் கூர் ஏற்றிக் கொடுத்தார். கல்யாணமாகி அவர் வாங்கித் தந்த முதல் சாமான் அதுதான் என்று அவள் சொல்வாள். வாங்கவில்லை, டிப்போவிலிருந்து எடுத்துவந்தது என்று அவர் திருத்துவார்.

எந்திரம் வெட்டிய சுவர் பூசிய சுவர் மாதிரி இருக்கும். அதன் வாளி எல்லாவற்றையும் இழுத்து மெழுகிவிடும். அந்தத் தோலை எடுக்க வேண்டும், அடியில் இருப்பதைக் கலைக்கக் கூடாது. அவளுக்கு மூன்று விதிகள் உண்டு. கரணை உலர்ந்திருக்க வேண்டும். அடுக்கு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும், குறுக்கே ஒருநாளும் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை கரணையைத் துடைக்க வேண்டும். வளையல் சுவரில் உரசுமென்று அவள் வளையல் போடுவதில்லை. மணல் சர்ரென்று சத்தம் போடும், வண்டல் முணுமுணுக்கும், களி பேசாது என்பாள். கண்ணை மூடிக்கொண்டு சுரண்டச் சொல்லி ஒருமுறை பந்தயம் கட்டினார்கள். ஏழு அடுக்கில் ஏழையும் சொன்னாள்.

இருபத்தாறு வருடம், முப்பத்தொரு பள்ளம். அவள் சுத்தம் செய்த சுவரை மறுபடி சுரண்ட வேண்டி வந்ததில்லை. வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் அவள் எந்தத் தேதியில் சும்மா இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் மண் வெட்ட எந்திரத்துக்குச் சொல்வார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பீரோவைச் சுவரோடு சேர்த்து போல்ட் அடித்திருக்கிறாள். கனமான பாத்திரங்கள் எல்லாம் கீழ்த்தட்டில். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ. "வீட்டுல இடுப்புக்கு மேல இருக்கிற கனமான சாமான் என் தலை ஒண்ணுதான்" என்பார் அவர். "அதுல ஒண்ணும் கனமில்ல, பயப்படாதீங்க" என்பாள் அவள்.

இப்போது அவள் செதிலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். ஒரு பக்கம் பளபளவென்றிருந்தது. கரணை போன தடம் அதில் கீழிருந்து மேலாக ஓடியது.

போன வியாழக்கிழமை. நான்கு மணிக்குப் பெரிய அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. சுவரில் மீட்டருக்கு மீட்டர் ஆணி அடித்து நூல் கட்டிச் சதுரம் பிரித்து எண் போட்டிருந்தார்கள். பதினான்காம் சதுரத்துக்கு நேர் முன்னால் ஒரு ஜாக்கி. அதை நகர்த்த வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். களி வெயிலில் இறுகிக் கிடந்தது. அவள் ஜாக்கிக்குப் பின்னால் கையை நுழைத்தாள். பக்கவாட்டில் இழுக்க இடமில்லை. கரணையைத் தண்ணீரில் நனைத்து, கீழிருந்து மேலே இழுத்தாள். இரண்டு இழுப்பு. அழகாக வந்தது.

ஈரக் கரணையைக் களியில் குறுக்கே இழுத்தால், சுவர் விரிசலில் பட்டி பூசினது மாதிரி களியே களியை மூடிக்கொள்ளும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதல் நாள் சொல்வது அதைத்தான். அதிகாரி வந்தார். படம் எடுத்தார்கள், வரைந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது மணி எட்டரை. பதினோரு மணிக்கு மண் போட்டு மூட எந்திரம் வரும். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு அழுத்து அழுத்தினால் செதில் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

"அக்கா, ஜன்னல் இந்தப் பக்கம் வைக்கவா, அந்தப் பக்கமா? மாமா வந்தா காத்து வர்ற இடத்துலதான் உக்காருவாரு."

அவள் வாயிலிருந்த ஆணியை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"மேடத்தைக் கூப்பிடு."

"என்னத்துக்கு?"

"கூப்பிடுடா."

அவன் வண்டி நின்ற பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது. "மேடம், அக்கா கூப்பிடறாங்க. சமையலறை வழியா வாங்க, அதான் கிட்ட."

ஆய்வுக்குப் பொறுப்பான அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏணியில் இறங்கி வந்தாள். கரணையக்கா செதிலை நீட்டினாள். மேடம் அதை வாங்கிப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி செதிலைப் பார்த்தாள்.

"வெயில்ல உரிஞ்சிருக்கு."

"நான் பூசினது மேடம். ஈரக் கரணை. குறுக்க இழுத்துட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். ஜாக்கியை எடுக்கச் சொல்லுங்க."

ஜாக்கியை ஒரு கை தூரம் நகர்த்தினார்கள். அவள் கரணையை இருமுறை துடைத்தாள். கூழாங்கல்லிலிருந்து ஆரம்பிக்கவில்லை, களிக்கு மேலேயிருந்து ஆரம்பித்தாள். பக்கவாட்டில், ஒரு இழுப்பு, ஒரு துடைப்பு. மேலே தம்பி குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். அவனை இந்த முறை யாரும் விரட்டவில்லை.

அரைமணி நேரத்தில் களி முழுதும் தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மட்டம். அந்தப் பக்கம் நான்கு விரல் கீழே. கோடு களியோடு நிற்காமல், அதற்கு மேலே கிடந்த, பத்தாயிரம் வருடம்கூட ஆகாத மஞ்சள் வண்டலுக்குள்ளும் ஏறியது. அங்கே, அது போய் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கரித்துண்டு. மேடம் அதைச் சிறு இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டாள். மூடியை இறுக்கித் திருகினாள்.

"களி முறிஞ்சிருக்கு" என்றாள். "உயிரோட இருக்கு."

"என்ன மேடம் சொல்றீங்க?" என்று மேலேயிருந்து தம்பி கேட்டான்.

மேடம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் மனைகள் போகும். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

அவன் எழுந்து நின்றான். பிறகு அக்காவிடம்தான் பேசினான்.

"யாரு கேட்டா உன்னை?"

அவள் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாயிரம் வருஷத்துல ஏதோ ஒரு நாள் நாலு விரல் இறங்கியிருக்கு. அது நாளைக்கேவா வந்துடப் போகுது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுடா."

"நீ பாக்காத மாதிரி அடுத்த ஆணியைப் பிடுங்கியிருந்தா இந்நேரம் மண்ணு போட்டிருப்பாங்க."

"பாத்துட்டேனே."

செருப்பு ஓரத்திலிருந்து மறைந்தது. கொஞ்சம் தள்ளி அளவு நாடா சரசரவென்று உள்ளே சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது.

மேடம் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். "அக்கா, இதுல காரணம் எழுதணும். வெயில்ல தோல் உரிஞ்சு தெரிஞ்சுதுன்னு எழுதிடறேன். பொய்யும் இல்ல. முப்பது பள்ளம் பண்ணவங்க நீங்க."

"முப்பத்தொண்ணு. அப்படி எழுதாதீங்க மேடம்."

"ஏன்?"

"வெயிலுன்னு எழுதினா நாளைக்கு யாராவது மத்த சதுரத்துலயும் வெயில் அடிச்சிருக்குமேன்னு கேப்பாங்க. வெயில் எல்லா இடத்துலயும்தான் அடிச்சுது. மொத்தச் சுவரும் சந்தேகத்துக்கு வந்துடும். நான் தப்பு பண்ணது இந்த ஒரு இடம். அஞ்சாம் சதுரத்துலயும் ஒம்பதாம் சதுரத்துலயும் ஜாக்கி நின்னுது, நகர்த்தச் சொல்லித்தான் பண்ணேன். பதினாலுல ஆள் இல்ல, நான் காத்திருக்கல. அதை எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க."

மேடம் எழுதினாள். சதுரம் பதினான்கு, ஈரக் கரணையால் குறுக்கே சுரண்டப்பட்டது, தேதி, பெயர். எழுதி முடித்து, படித்துக் காட்டினாள். கரணையக்கா ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாள். 'தவறுதலாக' என்று போட்டிருந்தது.

"தவறுதலா இல்ல மேடம். தெரிஞ்சேதான் நனைச்சேன். அவசரத்துலன்னு போடுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான் போன் பண்ணான். உன்னைத் திட்டணுமாம், எனக்குப் பண்ணியிருக்கான்."

"திட்டினானா?"

"அரைமணி நேரம். நடுவுல நம்ம ஃபிரிட்ஜ் சத்தம் போடறது நின்னுடுச்சான்னும் கேட்டான்."

அவள் கால் கழுவப் போனாள். தண்ணீர் சத்தத்துக்கு மேலே அவர் கேட்டார்.

"ஏம்மா, நிஜமாவே நீயா ஈரக் கரணை இழுத்த?"

"ம்."

"அடேங்கப்பா" என்றார். கரணையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் பார்த்தார்.

மறுநாள் அவள் ஏழு மணிக்குப் போனாள். எந்திரத்தை மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்கள். இதுவரை சுரண்டாத எதிர்ச் சுவரில் அதே இடத்தை, ஜாக்கியை முதலில் நகர்த்தச் சொல்லிவிட்டுச் சுரண்டினாள். அங்கேயும் களி நான்கு விரல் இறங்கியிருந்தது. மேடம் வரைந்துகொண்டாள். மீதி ஆணிகள் நூற்றுப் பன்னிரண்டு. பிடுங்கித் துடைத்து டப்பாவில் போட்டாள்.

பத்து மணி சுமாருக்குத் தம்பி வந்தான். நூலை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டான். முளைகளில் மூன்று வந்துவிட்டன, நான்காவது வரவில்லை. அவள் பள்ளத்துக்குள்ளிருந்து ஆணி பிடுங்கும் கம்பியை ஏணியில் பாதி ஏறி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். முளையைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை ஏணிப் படியில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு மணிக்கு எந்திரம் வந்தது. நான்கு மணிக்குப் பள்ளம் மூடியாயிற்று.