சத்தம் போடாத கோடை

முத்லக் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் இரண்டு. தீயணைப்பு வண்டி ஓட்டிய காலம் முழுக்க வண்டியை ஒரு சுவரிலும் இடித்ததில்லை என்பது ஒன்று. மற்றொன்று வஹ்ஷா, வேட்டைக்கு அவன் வளர்க்கும் பெண் வல்லூறு. வண்டிக் கதையை யாரும் கேட்கமாட்டார்கள். வஹ்ஷாவின் கதையைக் கேட்காவிட்டாலும் அவன் சொல்லாமல் விடமாட்டான்.

வேட்டை பனிக்காலத்து வேலை. மற்ற மாதமெல்லாம் வேட்டைக்காரனுக்கு வாய்தான் வேலை செய்யும். பாலைவன ஊரான ஜஹ்ராவில் முத்லக் வீட்டுத் திவானியாவில், அதாவது ஆண்கள் கூடும் முன்னறையில், சாயங்காலமானால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். முத்லக், கூடாரம் தைக்கிற சன்ஹாத், பள்ளிக்கூட வாத்தியார் தைதான், எந்த வேலைக்கும் போகாத நஹார். தரை மெத்தையில் சாய்ந்துகொண்டு சீட்டு ஆடுவார்கள், தேநீர் குடிப்பார்கள், சண்டை போடுவார்கள். சீட்டும் தேநீரும் இல்லாமல்கூட அவர்களுக்குப் பொழுது போய்விடும். சண்டை இல்லாமல் போகாது.

சண்டை எப்போதும் ஒன்றேதான். பல வருடத்துக்கு முந்தைய ஒரு பனிக்காலத்தில் ஹுபாரா என்கிற பாலைவனப் பறவை ஒன்றை முதலில் அடித்து வீழ்த்தியது வஹ்ஷாவா, சன்ஹாத்தின் வல்லூறா? பார்த்த சாட்சி யாரும் இல்லை. அதனால் வருடா வருடம் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள்.

அந்தக் கோடையில் வஹ்ஷாவின் அறை ஏசி உயிரை விட்டது. வெளியே சுட்டெரிக்கிற வெயில். வஹ்ஷாவோ பழைய இறகை உதிர்த்துப் புது இறகு முளைக்கிற பருவத்தில் இருந்தது. முளைக்கிற இறகின் தண்டில் ரத்தம் ஓடும். பறவை மிரண்டு படபடத்தால் அது வளைந்துபோகும், பிறகு அந்தப் பருவம் முழுக்கக் கோணல்தான். வீட்டில் ஏசி ஓடுகிற இடம் இன்னும் இரண்டு: படுக்கையறை, திவானியா. படுக்கையறையைப் பற்றி மனைவியிடம் கேட்க முத்லக்குக்குத் தைரியம் வரவில்லை. வஹ்ஷா தான் உட்காரும் கட்டையோடு திவானியாவின் மூலைக்குக் குடிவந்தது.

"வாங்க, உக்காருங்க," என்று வாசலிலேயே குசுகுசுத்தான் முத்லக். "ஆனா யாரும் சத்தம் போடக் கூடாது. இறகு முளைச்சு முடியிற வரைக்கும்."

"சிரிக்கலாமா?" என்றான் நஹார்.

"பல்லு தெரியாம சிரி."

நாலு கிழட்டுக் கழுதைகள் மசூதியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள்.

"அபூ மிஷாரி, நீ சீட்டை ஒளிக்கிற," என்றான் நஹார். மகன் மிஷாரியின் பெயரை வைத்து முத்லக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒளிக்கல."

"என்ன?"

"ஒளிக்கலன்னேன்."

"காதுல விழல, விடு."

சண்டையே வராமல் சில நாள் ஓடியது. ஒரு சாயங்காலம் சன்ஹாத்துக்குப் பொறுக்கவில்லை. முத்லக்கின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னான்: "அந்த ஹுபாராவை அடிச்சது என் பறவைதான். நீ ஊர் பூரா பொய் சொல்லிட்டுத் திரியிற."

இதே வார்த்தையை அவன் எத்தனையோ முறை தெருமுனை வரை கேட்கும்படி கத்தியிருக்கிறான். அப்போதெல்லாம் அது விளையாட்டு. மெதுவாகச் சொன்னதும் அது வேறு மாதிரி இறங்கியது.

"நெசமாவே அப்படித்தான் நெனைக்கிறியா?" என்றான் முத்லக்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கத்துகிறவனாக இருந்தால் எதையாவது கத்தித் தப்பித்திருப்பான். குசுகுசுக்கிறவனுக்கு உண்மைதான் வாயில் வந்தது.

"ஆமா. அப்படித்தான் நெனைக்கிறேன்."

சன்ஹாத் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் வரவில்லை. அடுத்து தைதானுக்கு முழங்கால் வலி வந்தது. நஹாருக்குப் போகவேண்டிய கல்யாணம் ஒன்று திடீரென்று முளைத்தது. மூன்று பேரும் சன்ஹாத்தின் கடைப் பின்கட்டில், ஒரே ஒரு மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வழிந்துகொண்டு கத்துவதை முத்லக்கின் மகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

முத்லக் குளுகுளு அறையில் வஹ்ஷாவோடு தனியாக உட்கார்ந்திருந்தான். இறகுகள் ஒன்று போல வந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு அழகை அந்தப் பறவையில் அவன் பார்த்ததே இல்லை. காட்டத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் தைதான் மட்டும் வந்து வாசலில் நின்றான். "சொல்லாம இருக்க முடியல. பனிக்கால வேட்டைக்கு உன் இடத்துல பர்கஷைக் கூட்டிட்டுப் போறானாம் சன்ஹாத்."

"பர்கஷையா? கண்ணை மூடுற தோல் தொப்பியைக் கழட்டாமலே பறவையைப் பறக்கவிட்டானே, அவனையா?"

"அவனேதான்."

மணலில் ஏறுகிற வண்டி சன்ஹாத்திடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் முத்லக்கைக் குத்தியது வண்டி இல்லை. கூடாரத்தில் தன் பக்கத்து மெத்தையில் பர்கஷ் படுத்துக் கிடப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே மனைவியிடம் போனான். "உம்மு மிஷாரி, வஹ்ஷாவை நம்ம ரூம்ல..."

"வைங்களேன்," என்றாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல். "அது குறட்டை விடாது. நீங்க திவானியாவுல படுத்துக்குங்க."

கோடை முழுக்க அவன் கேட்கப் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

கட்டையை இடம் மாற்றிவிட்டு நேராகச் சன்ஹாத்தின் கடைக்குப் போனான். அவன் கோணி ஊசியும் கையுமாக ஒரு கூடாரத் துணிக்குள் பாதி புதைந்திருந்தான். முத்லக் வாசலில் நின்று, தீயணைப்பு வண்டிச் சங்கே தோற்கும்படி கத்தினான்.

"டேய் பொய்யா! ஹுபாராவை அடிச்சது வஹ்ஷாதாண்டா!"

தெரு நின்று பார்த்தது. சன்ஹாத் ஊசியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். பதிலே வராமல் போய்விடுமோ என்று முத்லக் பயந்தான்.

"உன் வஹ்ஷாவா?" என்று எழுந்தான் சன்ஹாத். "அது அன்னிக்கு ஒட்டகச் சாணி மேல உக்காந்து தூங்கிட்டு இருந்துச்சுடா, குருட்டுப் பயலே!"

"அப்போ தொப்பி பர்கஷோட போ!"

"அவனாவது வாயைத் தொறந்து கத்துறான்! நீ புதுப் பொண்ணு மாதிரி குசுகுசுக்கிற!"

"சாயங்காலம் வந்து பாருடா, கத்துறேன்!"

"வரேண்டா!"

வந்தார்கள். தைதானுக்கு முழங்கால் சரியாகிவிட்டிருந்தது. நஹாரின் கல்யாணமும் முடிந்துவிட்டது போல. பர்கஷ் பெயரை யாரும் எடுக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே கூரை அதிர்ந்தது. ஹுபாரா திரும்பவும் விழுந்தது, இரண்டு வல்லூறும் அதை அடித்தன, நாலு பேரும் மெத்தையில் புரண்டு சிரித்தார்கள். அப்போது உள்கதவு திறந்தது. மனைவி தலையைச் சுற்றித் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"உங்க மகாராணி பயந்து கட்டையை விட்டு விழுந்துட்டா. வந்து பாருங்க."

அவள் ஒதுங்கிக்கொள்ள, நாலு பேரும் ஓடினார்கள். வஹ்ஷா கட்டையில் திரும்ப ஏறி, எல்லாரையும் கேவலமாகப் பார்த்தது. இடது சிறகில் நீண்ட இறகு ஒன்று நட்ட நடுவில் வளைந்திருந்தது. இந்தப் பருவத்துக்கு அது கோணல்தான்.

முத்லக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். கடைசியில் சன்ஹாத்தான் தொண்டையைச் செருமினான்.

"வருத்தப்படாதே அபூ மிஷாரி. என் தொண்டை அப்படி. நான் கத்தினா ஒட்டகமே உக்காந்துடும்."

முத்லக் நிமிர்ந்தான்.

"உன் தொண்டையா? நீ கத்தினா கொசுகூட எழும்பாது. இது நான் கத்தினதுல வளைஞ்சது!"

"நீயா? பொய்யா!"

"ஆமாண்டா, நான்தான்! என் பறவை, என் சத்தம்!"

மனைவி நாலு பேரையும் வெளியே தள்ளிப் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். சண்டை திவானியாவுக்குப் போனது.