குட்டியானை காணாமல் போன ஆடிப்பெருக்கு

எங்கள் வீட்டில் ஒரு குட்டியானை இருந்தது. தக்காளி, மரவள்ளிக்கிழங்கு, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதையும் ஏற்றிக்கொண்டு ஓடும் சின்னச் சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பேர் உட்காரும் முன்சீட்டில் நாங்கள் நான்கு பேர் நெருக்கி உட்காருவோம். அப்பா அதை மூன்றாவது ஆளாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பின்கதவில் மஞ்சள் பெயிண்டில் 'மகள்கள் துணை' என்றும், அதற்குக் கீழே 'வாடகைக்கு அணுகவும்' என்று அவருடைய போன் நம்பரும் எழுதியிருக்கும்.

அந்த வண்டிக்கு ஒரு நோய் உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால் அவ்வளவுதான், சாவிக்கு மசியாது. இறக்கத்தில் உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தள்ள வேண்டும். அதனால் அப்பா எந்த ஊருக்குப் போனாலும் நிறுத்துவதற்கு முதலில் ஒரு மேட்டைத் தேடுவார். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "ஓடிக்கிட்டுதான இருக்குது" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. இண்டூரிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, சோளக்காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும் வீடு எங்களுடையது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவது என்று அந்த வருஷம் முடிவானது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிப் போனால் பென்னாகரத்தில் போலீஸ் மடக்கும் என்பதால் பஸ்ஸில் போகலாம் என்றார் அப்பா. அக்கா மட்டும் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

"ஒரு நாளு தண்ணியில குதிக்கலன்னா என்ன ஆயிரும்? வூட்டுல உக்காந்து படி. மத்தியானம் சாப்புட்டுட்டு மறுபடியும் படி."

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த தன் மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் போட்டி இல்லை, வறுத்த மீனிலும் பங்கு கூடும் என்று கணக்குப் போட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான், குளித்தபின் மாற்றிக்கொள்ள எடுத்து வைத்த என் துணிப்பையைக் கட்டில்மேலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அந்த ஒரு பையத்தான உங்கிட்ட எடுக்கச் சொன்னன்?" அப்பா அக்காவுக்குப் போன் போட்டார். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். அவள் வந்து சேரவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஏறப் போன அம்மா என்ன நினைத்தாளோ, பையை வாங்குவதற்குப் பதில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறுடி."

"இவளுக்குப் பரீட்சை..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"வந்து படிச்சிக்குவா. ஏறுங்க மொதல்ல."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அக்கா வீட்டுச் செருப்போடும் சீவாத தலையோடும் வீட்டுச் சாவியோடும் ஒகேனக்கல் வந்தாள். ஜன்னல் சீட்டும் அவளுக்கே போயிற்று. பென்னாகரம் வரை நான் அவளோடு பேசவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், பரிசலில் போனோம், மீன் தின்றோம். அப்பாவின் கோபம் பரிசலிலேயே கரைந்துவிட்டது. அக்கா சாவியைத் துப்பட்டா நுனியில் முடிந்து வைத்துக்கொண்டு, அது தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது அந்தச் சாவிக்கு வேலை இருக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது வெறுமையாகக் கிடந்த மண்மேடுதான். குட்டியானை அங்கேதான் நிற்கும். "வண்டி எங்கங்க?" என்றாள் அம்மா. அப்பா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். நாங்களும் ஓடினோம். பின்கதவு நிலையோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்திருந்தது. பீரோ திறந்து கிடந்தது. டிவி இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது. மிக்சி இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, பீரோவிலிருந்த அம்மாவின் செயின் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியும் இல்லை.

என் புத்தகங்கள் தரையில் குவியலாகக் கிடந்தன. சில்லறைச் சாமான்களை அள்ளிப் போட அவர்களுக்குப் பை தேவைப்பட்டிருக்கிறது. என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதை எடுத்துப் போயிருந்தார்கள். ஊதா நிறப் பை, இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில் வைக்க வலை உண்டு. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

யாரும் என்னைச் சமாதானம் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அப்பாவும் அம்மாவும் அக்காவின் மேசைக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தார்கள். விரித்தபடி கிடந்த கணக்கு நோட்டின் மேல் ஒரு கொடுவாள் இருந்தது. எங்கள் வீட்டுக் கொடுவாள் இல்லை அது. கதவை நெம்பியபின் யாரோ அதைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டு மறந்து போயிருக்க வேண்டும்.

அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதன்பின் விடவே இல்லை. போலீஸ் வந்து, என்னென்ன போயிருக்கிறது என்று பீரோவைப் பார்த்துச் சொல்லச் சொன்னபோதும், இடது கையால் அக்காவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் துணிகளைப் புரட்டினாள்.

வந்தவர்களில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். கொடுவாளை ஒரு துணியால் பிடித்து எடுத்துக்கொண்டே, "பகல்ல வூட்டுல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் அப்பா. "பெரிய பொண்ணு இருந்திருக்கணுங்க. நாந்தான் இருக்கச் சொன்னன்."

அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பெயர்ந்து கிடந்த கதவைப் பார்த்தார். எழுதக் காகிதத்தை எடுத்தவர் நிறுத்தி, "போனதெல்லாம் போவட்டும், விடுங்கம்மா," என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிடித்துக் கொடுக்க வேண்டியவரே போனது போகட்டும் என்கிறாரே! "என் பையும் போச்சுங்க, ஊதாக் கலரு," என்று அழுத்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். திடீரென்று என்னை இழுத்து அணைத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "எங் கண்ணு, நீ மறந்தியே, நீ மறந்தியே," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். காலையில் கிள்ளிய இடம் எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. ஒரே தப்புக்குக் காலையில் கிள்ளலும் சாயங்காலம் முத்தமும் கிடைத்தால் எதை நம்புவது? பெரியவர்கள் ஒரு நிலையில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் நடத்தை அதைவிட விசித்திரமாக இருந்தது. ஒரு முறை பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போனதற்கு இரண்டு நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டிப்போட்டு, எங்கள் எல்லோரையும் விசாரணை செய்தவர் அவர். இப்போது வண்டியே போய்விட்டது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்ற வரச் சொல்லியிருந்த மண்டிக்காரருக்குப் போன் செய்து, "வண்டி இல்லீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க," என்று அவர் சொன்ன குரல் கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்லும் குரல் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை அக்கா சீருடை போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா, "இன்னிக்கி வேணாம் கண்ணு. பரீட்சைய அப்புறம்கூட எழுதிக்கலாம்," என்றார். என் காதுகளையே என்னால் நம்ப முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். அம்மா அக்காவை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். தன் தலையைத் தானே பின்னத் தொடங்கி அக்காவுக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவளும் மறுக்காமல் சின்னப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். கணக்குக்குப் புது நோட்டு வேண்டும் என்றாள். பழையதில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள் இருந்தது. நான் அதை எடுத்துச் சொன்னேன். அப்பா என் பேச்சைக் காதிலேயே வாங்காமல் உடனே கடைக்குப் போய் இரண்டு நோட்டு வாங்கி வந்தார்.

அவர் வந்து நுழையும்போதே போன் அடித்தது. எடுத்ததும் மறுமுனையில் ஒருவர் கத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஏங்க, வண்டிக்காரரே, இப்டியாங்க கடை வாசல்ல வண்டியப் போட்டுட்டுப் போறது? நேத்துப் புடிச்சி நிக்குது. எனக்கு வர்ற லாரியெல்லாம் எங்க நிக்கும்?"

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "எந்த வண்டிங்க?"

"உங்க வண்டிதாங்க! பின்னாடிதான் பெருசா எழுதிக்கிறீங்களே, மகள்கள் துணைன்னு. அந்த நம்பருக்குத்தான் போட்டன்."

அவர் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவர். முந்தைய நாள் பகலில் இரண்டு பேர் அவர் கடைக்கு எதிரே டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி வழக்கம்போல மறுத்துவிட்டது. சமதளமான இடம். இருவரும் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் பாவப்பட்டுத் தானும் ஒரு கை கொடுத்திருக்கிறார். மூன்று பேர் தள்ளியும் அசைந்து கொடுத்ததே தவிரக் கிளம்பவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஊதா நிறப் பை ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் சேலம் பஸ் ஏறிவிட்டார்கள்.

"நானும் தள்ளிட்டனேங்க! உங்க டிரைவருங்கன்னு நெனச்சிட்டன்," என்று விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் போனிலேயே அழாத குறையாகப் புலம்பினார். "உங்களுக்குப் புண்ணியம்ங்க," என்று அப்பா அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

தார்ப்பாய்க்கு அடியில் டிவி, மிக்சி, சிலிண்டர் எல்லாம் அப்படியே இருந்தன. செயினும் மற்ற சில்லறைகளும் என் பையோடு போனது போனதுதான். அந்த இருவரும் கடைசிவரை அகப்படவில்லை. ஸ்டேஷனில் எழுத வேண்டியதை எழுதி, வாங்க வேண்டிய கையெழுத்தை எல்லாம் வாங்கி, வண்டி எங்கள் கைக்கு வர மேலும் சில நாட்கள் ஆயின. அதற்குள் ஒரு தச்சரைக் கூட்டி வந்து பின்கதவுக்குப் பதில் இரும்புத் தகடு அடித்த புதுக் கதவு ஒன்றைப் பொருத்தினார் அப்பா. அது முடியும்வரை எங்களில் யாரையும் வீட்டில் தனியாக விட்டு அவர் எங்கும் போகவில்லை.

வண்டி எடுக்கப் போனபோதும் நான்கு பேருமே போனோம். ஸ்டேஷன் வளாகத்தில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. இத்தனை நாள் நின்றதில் பேட்டரியும் இறங்கிவிட்டிருந்ததால் சாவிக்கு ஒரு முனகல்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்த அதே பெண் போலீஸ்தான் அன்றைக்கும் இருந்தார். "திருடனுங்களே தள்ளிட்டானுங்க, நாம தள்ள மாட்டமா?" என்று சொல்லி இன்னும் மூன்று போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு பேரும் தள்ள, குட்டியானை ஒரு இருமல் இருமிப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அத்தனை நாளில் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வரும்வழியில் முன்சீட்டில் வழக்கம்போல நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு அடுத்து அக்கா, அப்புறம் அம்மா, ஓரத்தில் அம்மாவின் மடியில் நான். கடைசியில் எனக்கு ஜன்னல் கிடைத்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் எதற்கோ திரும்பினேன். அக்கா அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கியர் மாற்ற வேண்டிய இடத்தில்கூட மாற்றாமல், அவள் தலை ஆடிவிடக் கூடாது என்பதுபோல் அப்பா இடது கையை அசைக்காமல் வைத்திருந்தார். வண்டி திணறிக்கொண்டு ஊர்ந்தது. அவருடைய கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. இவ்வளவு ஆசையை அந்த ஓட்டை வண்டிமேல் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் எப்படித்தான் வெளியே காட்டாமல் இருந்தாரோ என்று நினைத்தேன். அவரைத் தேற்றுவது என் பொறுப்பு என்று தோன்றியது.

"அழுவாதப்பா. அதான் கெடச்சிருச்சில்ல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தூங்குகிறவள் எழுந்துவிடாத குரலில், "ஆமா கண்ணு, கெடச்சிருச்சு," என்றார்.

வண்டியைத்தான் சொல்கிறார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.