தொடை உயரத்தில் ஒரு வாஷ்பேசின்

எங்கள் வீட்டுக் குளியலறைப் பேசினைப் பார்த்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. தொடை உயரத்தில் வெள்ளைப் பேசின், அதற்குத் தக்கபடி இறக்கி மாட்டிய கண்ணாடி, எதிரில் ஒரு மர ஸ்டூல். "குழந்தைங்களுக்கா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, மகாராணிக்கு" என்பேன். உள்ளேயிருந்து மகாராணி சிரிப்பது கேட்கும். போன வாரம் அந்தப் பேசின் விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. சிரிக்க ஆள் இல்லாத வீட்டில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகாராணி என்றது என் நாத்தனாரை. என் கணவருக்கு அக்கா, எனக்கும் அக்காதான். சிறு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போனவர். ஸ்ரீரங்கத்தில் ஊன்றுகோலோடு பஸ் ஏறி, தென்னூரில் ஓர் அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட்டாகப் போய்வந்தார். நின்றபடி முகம் கழுவினால் ஒரு கை ஊன்றுகோலுக்கே போய்விடுமே என்று, வீடு கட்டும்போதே என் மாமனார் பைப்பைத் தாழ வைத்துவிட்டார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வார். பிறகு துடைத்துவிட்டு, கண்ணாடி பார்த்துச் சாந்துப் பொட்டு வைப்பார். அப்படியொரு வட்டம்! ஊன்றுகோலைப் பார்க்க வந்த கண்ணைக்கூட அந்தப் பொட்டு இழுத்துவிடும். மாடிப்படிக்கும் பஸ்ஸுக்கும் யாராவது கை கொடுக்க வேண்டும். இது ஒன்றுதான் யார் தயவும் இல்லாமல் அவரே செய்துகொள்வது.

நானோ பனைமரம் மாதிரி வளர்ந்தவள். பல் துலக்கக் குனிந்து நிமிர்வதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். "யப்பா, இடுப்பே போச்சு" என்று தினமும் புலம்புவேன். புலம்பல் எனக்கு மூச்சு விடுவது மாதிரி; அதை அக்கா மனசில் வாங்கிக்கொள்வார் என்று யார் கண்டது? நான் ஒரு கல்யாணத்துக்காக லால்குடி போய்த் திரும்பினால், பழைய பேசின் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பேசின், கீழே கதவு வைத்த அலமாரி, மேலே பெரிய கண்ணாடி.

"சுவத்தை ஒடைக்கவே இல்ல. அதே பைப்புல நீளமா டியூப் போட்டு மேல ஏத்திட்டாங்க. எப்படி இருக்கு சொல்லு?" என்றார் அக்கா, பரீட்சை எழுதிய பிள்ளை மார்க் கேட்பதைப் போல.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்னடி, நின்னு பழகிட்டேன்."

நம்பிவிட்டேன். நிமிர்ந்து நின்று பல் துலக்கிய சுகத்தில் நம்பத்தான் தோன்றியது.

சில நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பியவரை வாசலில் பார்த்தேன். பொட்டு கோணலாக, புருவத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. எனக்குத் திக்கென்றது. மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கதவைத் தள்ளினேன். புதுப் பேசினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாளித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார் அக்கா. கண்ணாடி எட்டாததால் பொட்டைக் குத்துமதிப்பாக வைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"என்கிட்டயே பொய் சொல்றீங்களா?"

"இடுப்பு போச்சுன்னு சொன்னியே."

"நான் ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் காதுல வாங்கிக்கலாமா?"

பிளம்பரை மறுபடி வரவழைத்தேன். கழற்றுங்கள் என்று நான், கூடாது என்று அக்கா. "ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று அவர் நழுவிவிட்டார். அந்த இடைவெளியில் சொன்னேன்: "உங்க பொட்டு கோணலா இருந்தா எனக்கு நாளே ஓடாதுக்கா." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

பழைய பேசினும் கண்ணாடியும் பழைய இடத்துக்கே போயின. அலமாரி சமையலறைக்கு வந்தது. அதன் மேல்பலகையில் புதுப் பேசினைக் கழற்றிய ஓட்டையில் மண்பானை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கோடை முழுக்கக் காவிரித் தண்ணீரை அதில் ஊற்றிவைத்துக் குடித்தோம். "உன் இடுப்பு புண்ணியம்" என்று ஒவ்வொரு டம்ளருக்கும் அக்கா சிரிப்பார்.

அக்கா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. விரிசல் சேதி கேட்டதும் கே.கே. நகரில் இருக்கும் என் மகன், அலமாரி வைத்த பேசின் ஒன்றை வாங்கி, பிளம்பரோடு அனுப்பிவிட்டான். "இனிமேலாவது நிமிர்ந்து நில்லும்மா" என்று போனில் வேறு. பிள்ளைக்கு என் பழைய புலம்பல் மட்டும்தான் தெரியும். முழங்கால் இப்போது என்னை நிற்க விடுவதில்லை என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

வந்த பிளம்பர் சுவரைப் பார்த்தார். "பைப்பு ரொம்பக் கீழ இருக்குங்கம்மா. பரவாயில்ல, நீளமா டியூப் போட்டு மேல ஏத்திடலாம்."

"வேண்டாம் தம்பி. இதைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டு, சுவத்துல மாட்டுற பேசினா வாங்கிட்டு வாங்க. அதே எடத்துல மாட்டிடுங்க."

"யாருக்குங்கம்மா, இவ்வளவு கீழ?"

மகாராணிக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எனக்குத்தான்" என்றேன்.

அவர் மாட்டிவிட்டுப் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் குனிந்து குனிந்து பார்த்த கண்ணாடியில் என் முகம் முதல்முறையாக நேராகத் தெரிந்தது. பொட்டு வைத்தேன். கோணலாக வந்தது. அக்காவுக்கு நாளே ஓடாது என்று துடைத்துவிட்டு, மறுபடி வைத்தேன்.